இரட்டைப்படையில் ஒரு திருடன்

அத்தியாயம் 6

பொம்மைக் கடைக்காரர் அந்த ஒட்டகச்சிவிங்கியை எடுத்து மேஜைமேல் வைத்ததும் சைரன் வாயடைத்து நின்றான். அபூர்வமான காட்சி அது. பதினாறு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவன். வண்டியின் சைரன் பழுதானால் தன் தொண்டையாலேயே சமாளித்துவிடுவான் என்று சக டிரைவர்கள் வைத்த பெயர், ஆம்புலன்ஸை விட்டு இறங்கிய பிறகும் அவனை விடவில்லை.

"கழுத்து எங்கண்ணே?" என்றான் கடைசியில்.

கடைக்காரருக்கும் அதே சந்தேகம்தான். கால்கள் நான்கும் அழகாக, நீளமாக இருந்தன. உடம்பில் புள்ளிகள் கச்சிதம். வால் சுழன்றது. காலடியில் இருந்த சக்கரங்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. ஆனால் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண்கூட இல்லை. தலை நாயினுடையது மாதிரி, காதுகள் முயலினுடையவை மாதிரி. வயிற்றை அமுக்கினால் அது குரைத்தது.

வாங்கிப் போன குழந்தைகள் எல்லாம் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டதாகக் கடைக்காரர் குறைப்பட்டுக்கொண்டார். ஒரு சிறுமி மட்டும் அதற்கு நாய்க்குட்டி என்று பெயர் வைத்து வளர்க்கிறாளாம்.

சைரனுக்குப் பக்கத்தில் நின்ற பெண்மணி அதைக் கையில் எடுத்தார். ஒட்டகச்சிவிங்கியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுழற்றி, காதை இழுத்து, வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அது குரைத்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி குரைத்தது. அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

அவரை எல்லோரும் துருவி என்பார்கள். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருபது வருஷம் பொய் விண்ணப்பங்களைத் துருவித் துருவிப் பிடித்தவர். ஐம்பது வயதில் அந்த வேலையை உதறிவிட்டு, சைரனை உதவிக்கு வைத்துக்கொண்டு சொந்தமாகத் துப்பறிய வந்தார். இப்போது கையில் இருப்பது ஒரு பொம்மைக் கம்பெனி வழக்கு. கம்பெனி யோசித்து வரைந்த புதுப் பொம்மைகள், அது சந்தைக்குக் கொண்டுவருவதற்குள் போட்டிக் கம்பெனியின் பெயரில் கடைக்கு வந்துவிடுகின்றன. ஆறு மாதத்தில் மூன்று தடவை; கடைசியாக வந்தது இந்த ஒட்டகச்சிவிங்கி. வரைபடங்கள் மெயிலில்தான் போகின்றன; ஆகவே பழி மெயில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்மேல் விழுந்திருந்தது. அன்று மாலை நாலரை மணிக்கு இயக்குநர்கள் கூட்டம். அதில் அவளை வேலையிலிருந்து நீக்கிப் போலீசில் ஒப்படைப்பதாக ஏற்பாடு. அவளுக்காகப் பேச வந்தவர் துருவி ஒருவர்தான்.

"சைரன், இதை வாங்கிக்கோ."

"வீட்ல வளர்க்கவா மேடம்? ராத்திரி குரைச்சா பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரு."

மணி பத்தரை. அரை மணி நேரத்தில் இருவரும் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் இருந்தார்கள்.

அந்தப் பெண்ணை அலுவலகம் முழுக்கப் போஸ்ட்மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். முப்பத்தெட்டு வயது. இரண்டு வாரமாக அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு காவலாளி உட்கார்ந்திருந்தார். அவள் விசைப்பலகையைத் தொடும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். பார்ப்பது எதுவும் புரியாததால் உடனே கொட்டாவி விடுவார். மதியம் யாரும் அவளைச் சாப்பிடக் கூப்பிடுவதில்லை. எட்டு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்ட தோழிகள் இப்போது லிப்டில் அவளைப் பார்த்தால் படியேறிப் போகிறார்கள். வீட்டில் அவள் இன்னும் எதுவும் சொல்லவில்லை. கணவன் கேட்டால் வேலை ஜாஸ்தி என்று சமாளித்துக்கொண்டிருந்தாள்.

துருவி ஒட்டகச்சிவிங்கியை அவள் முன்னால் வைத்து, இதன் வரைபடம் எத்தனை மெயிலில் போனது என்று கேட்டார். போஸ்ட்மாஸ்டர் தேடிப் பார்த்தாள். எட்டு. முதலாளியம்மாவின் மகள்தான் டிசைனர். அவள் விடியற்காலை ஆறு மணிக்கு, வேறு ஒருவரும் மெயில் அனுப்பாத நேரத்தில், ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிவிடுவது வழக்கம். முதலில் தலை, அடுத்து கால்கள், கழுத்து, வால், காதுகள், புள்ளிகள், குரல், கடைசியில் சக்கரங்கள்.

துருவி ஒரு காகிதத்தில் ஒன்று முதல் எட்டு வரை எழுதிக்கொண்டு, சரியாக வந்தவற்றுக்கு மட்டும் வட்டம் போட்டார். கால்கள், வால், புள்ளிகள், சக்கரங்கள். இரண்டு, நான்கு, ஆறு, எட்டு.

"திருடனுக்கு இரட்டைப்படை மட்டும்தான் கிடைச்சிருக்கு. மீதியை ஊகிச்சிருக்கான். அந்த ஊகம்தான் குரைக்குது."

போஸ்ட்மாஸ்டர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பின்னால் இருந்த காவலாளியையும் மறந்து பேச ஆரம்பித்தாள். கம்பெனிக்கு இரண்டு மெயில் சர்வர்கள். ஒன்று இந்தக் கட்டிடத்தில், இன்னொன்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி, கிடங்கில். முன்னால் லோட் பேலன்சர் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. வருகிற மெயிலை ஒன்று விட்டு ஒன்று பிரித்து, இது இங்கே, அது அங்கே என்று அனுப்பும். ஒரு சர்வர்மேல் பாரம் ஏறாது. ஒன்று படுத்துவிட்டால் அடுத்த நொடி மற்றது முழுச் சுமையையும் தாங்கிக்கொள்ளும். அதற்கு ஃபெயில்ஓவர் என்று பெயர்.

"புரிஞ்சுது. டிக்கெட் கவுன்ட்டர்ல ரெண்டு ஜன்னல். ஒருத்தர் எழுந்து போனா க்யூ மொத்தமும் இன்னொரு ஜன்னலுக்கு வந்துடும்," என்றான் சைரன். "என்ன, இங்க யாரும் சண்டை போட மாட்டாங்க."

இரட்டைப்படை எண்கள் எந்த ஜன்னலுக்குப் போயின என்று துருவி கேட்டார். மூன்று பொம்மைக்கும் சேர்த்துப் பார்த்ததில் ஒரே பதில்தான். கிடங்கு.

போஸ்ட்மாஸ்டருக்கு இரண்டு சர்வரும் கையில். அவள் திருடியிருந்தால் எட்டும் போயிருக்கும், கழுத்தும் முளைத்திருக்கும். ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டத்தில் ஜெயிக்க முடியாது என்று துருவிக்குத் தெரியும். வேண்டுமென்றே பாதி திருடினாள் என்று கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆலோசகர் ஒரே வாக்கியத்தில் அடித்துவிடுவார். இரண்டு இடத்துச் சர்வர்களையும் இணைத்துக் கொடுத்தவர் அந்த ஆலோசகர்தான். விசாரணையை நடத்துகிறவரும் அவரே. சலவை மடிப்புக் கலையாத சட்டையும் கலையாத தலையும் கொண்ட மனிதர்.

கிடங்கு முதலாளியம்மாவின் கொழுந்தன் பொறுப்பில் இருந்தது; ஆனால் அவர் உட்காருவது இங்கே தலைமை அலுவலகத்தில்தான். அவருடைய அண்ணன் மகள் கூப்பிடுவதைக் கேட்டு அலுவலகமே அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடும். பெரிய தொப்பை, பெரிய சிரிப்பு. சர்வர் அறைச் சாவி அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கேட்டதும் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டு, போகிற வழியில் நல்ல இளநீர் கிடைக்கும் என்றும் சொன்னார்.

"இவ்வளவு சுலபமா சாவி குடுக்கிறவன் ஒண்ணு அப்பாவி, இல்லைன்னா அசகாய சூரன்," என்றான் சைரன், வண்டியை எடுத்துக்கொண்டே. பழைய பழக்கத்தில் மூன்று சிக்னல்களில் எல்லோரும் தனக்கு வழி விடுவார்கள் என்று எதிர்பார்த்தான். யாரும் விடவில்லை.

கிடங்கை அடைந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். வாசலில் ஒரு மின்விசிறிக்குக் கீழே காவல்காரர் உட்கார்ந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறதாம். சர்வர் அறைக்குள் ஈ, காக்காய் நுழையவில்லை என்று அடித்துச் சொன்னார். இரண்டு மணிக்கொரு தரம் கதவிலுள்ள கண்ணாடி வழியாகப் பார்த்து, 'விளக்கு எரிகிறது' என்று பதிவேட்டில் எழுதுவது அவர் வேலை. நான்கு மாதமாக ஒரு வேளைகூடத் தவறவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர் எழுதிய பக்கங்களில் ஒரே ஒரு விசேஷம்: ஆறு மாதம் முன்பு ஒரு பெட்டி சர்வீஸுக்காக வெளியே போயிருந்தது. கீழே சித்தப்பாவின் கையெழுத்து. திரும்பி வந்ததாகப் பதிவு இல்லை.

துருவி கண்ணாடி வழியாகப் பார்த்தார். இருட்டில் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார்.

இரும்புச் சட்டம் இருந்தது. சர்வர் இல்லை. சட்டத்தின் நடுத் தட்டில், கம்பெனி சொந்தமாகத் தயாரித்த பொம்மை ராக்கெட் ஒன்று சுவர் பிளக்கில் சொருகப்பட்டு நின்றுகொண்டிருந்தது. அதன் வயிற்றைச் சுற்றிப் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்து அணைந்தன. காவல்காரர் தன் பதிவேட்டையும் ராக்கெட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மனசை விடாதீங்கண்ணே," என்றான் சைரன். "நீங்க எழுதினது எதுவும் பொய் இல்லை. விளக்கு எரியுது."

அந்த நேரத்தில் துருவியின் போன் அடித்தது. போஸ்ட்மாஸ்டர்.

"மேடம், நீங்க அங்க போய் எதையாவது தொட்டீங்களா? கிடங்கு சர்வர் இப்பதான் படுத்துச்சு. வழக்கமா இந்த நேரத்துல படுக்கும், இருந்தாலும் கேட்டேன்."

மணி ஒன்று பத்து. வழக்கமா என்றால் என்ன என்று துருவி கேட்டார். தினமும் ஒன்று பத்துக்குக் கிடங்கில் கரன்ட் போய்விடும், ஒன்று ஐம்பதுக்கு வரும், அந்த நாற்பது நிமிஷமும் எல்லா மெயிலும் தலைமை அலுவலகத்துக்கு வந்துவிடும் என்று அவள் விளக்கினாள். ஆறு மாதமாக இப்படித்தான். புகார் செய்ததற்கு, அந்தப் பக்கம் மின்வெட்டு, ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வந்ததாம். இதுவரை ஒரு மெயில்கூடத் தொலையவில்லை என்பதை மட்டும் கொஞ்சம் பெருமையாகச் சொன்னாள்.

துருவி தலையைத் தூக்கினார். வாசலில் காவல்காரரின் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ராக்கெட் மினுக்கிக்கொண்டிருந்தது.

"இங்க கரன்ட் இருக்கும்மா. சர்வர்தான் இல்லை. எந்தெந்த நாள் அது படுக்கலைன்னு பார்த்துச் சொல்லு."

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் படுப்பதில்லை. அலுவலக விடுமுறைகளில் படுப்பதில்லை. அப்புறம் போன மாதம் ஒரு புதன்கிழமை. அன்று மொத்த அலுவலகமும் உல்லாசப் பயணம் போயிருந்தது.

"மின்வெட்டுக்கும் ஞாயித்துக்கிழமை லீவா மேடம்?"

"தலைமை ஆபீஸ் சாப்பிடுற அன்னைக்கு மட்டும் அதுவும் சாப்பிடப் போகுது. சைரன், வண்டியை எடு."

இந்த முறை சிக்னல்களில் எல்லோரும் வழி விட்டார்கள். சைரன் கண்ணாடியை இறக்கித் தொண்டையைத் திறந்திருந்தான்.

தலைமை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் சாப்பாட்டு அறை. ஒரு பக்கம் சித்தப்பாவின் அறை, மறுபக்கம் ஆலோசகரின் அறை. இவர்கள் உள்ளே நுழைந்தபோது மணி இரண்டரை. டீ போட்டுத் தருகிற அக்கா பாத்திரங்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். மதியம் ஒன்று பத்துக்கு இங்கே என்ன நடக்கும் என்று துருவி கேட்டதற்கு, சாப்பாடு சூடு பண்ணுவேன், வேறென்ன என்றார். அறுபது டப்பா. மைக்ரோ ஓவனில் நாற்பது நிமிஷம் பிடிக்கும். ஓவனுக்கென்று தனி பிளக் பாயின்ட் கிடையாது. பிரிட்ஜுக்குப் பின்னால் இரண்டு இருக்கிறது, ஒன்று பிரிட்ஜுக்கு. இன்னொன்றில் யாரோ ஒரு கறுப்பு வயரைச் சொருகி வைத்திருக்கிறார்கள்.

"அதைப் பிடுங்கிட்டு ஓவனைச் சொருகுவேன். முடிஞ்சதும் பழையபடி சொருகிடுவேன். யாரோ ஃபேனுக்குப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தப்பா என்று கேட்டார்.

சைரன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அக்கா, பெரிய பெரிய கம்பெனியெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை ஃபெயில்ஓவர் டெஸ்ட் பண்ணவே பயப்படுமாம். நீங்க சாம்பாருக்காகத் தினம் ஒண்ணு பண்ணியிருக்கீங்க."

டீ அக்கா இன்னொன்றும் சொன்னார். சாயங்காலம் வாசல் காவலாளி மெயினை அணைத்துவிட்டால் இந்த மாடியில் வேறு எந்தச் சுவரிலும் கரன்ட் இருக்காது. பிரிட்ஜுக்காக இந்தச் சுவருக்கு மட்டும் தனி இணைப்பு. துருவி பிரிட்ஜைத் தள்ளச் சொல்லி, பின்னால் குனிந்து பார்த்தார். கறுப்பு வயர் சுவரோடு சுவராக ஓடி, ஒரு துளைக்குள் புகுந்து அடுத்த அறைக்குப் போயிருந்தது. நிமிர்ந்தபோது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எந்தப் பக்கம் மேடம்? சித்தப்பாதானே?"

"நீ இந்தப் பிளக்கைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. போன் காதுல இருக்கட்டும். நான் சொல்றப்ப பிடுங்கு, சொல்றப்ப சொருகு."

நாலரை மணிக் கூட்டத்தில் முதலாளியம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள். எதிரே சித்தப்பா. மேஜையின் கடைசியில் போஸ்ட்மாஸ்டர், கைகளை மடியில் கோத்துக்கொண்டு. ஆலோசகர் எழுந்து குற்றப்பத்திரிகையைப் படித்தார். பதினொரு பக்கம். துருவி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டு சர்வர்களும் இப்போது எப்படி இருக்கின்றன என்று எல்லோரும் பார்க்க முடியுமா என்றார். போஸ்ட்மாஸ்டர் தன் திரையைச் சுவரில் பெரிதாகக் காட்டினாள். இரண்டு பச்சைப் புள்ளிகள். ஒன்றின் கீழே தலைமை அலுவலகம், மற்றதன் கீழே கிடங்கு.

கிடங்கு சர்வர் நன்றாக வேலை செய்கிறதா என்று துருவி ஆலோசகரைக் கேட்டார். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பூட்டிய அறைக்குள், பத்திரமாக வேலை செய்கிறது என்று அவர் சொன்னார்.

துருவி போனை வாயருகே கொண்டுபோனார். "பிடுங்கு."

கிடங்கின் புள்ளி சிவப்பானது.

"சொருகு."

அது எழுந்து உட்காருவதற்கு மூன்று நிமிஷம் பிடித்தது. புள்ளி பச்சையானது.

"பிடுங்கு."

சிவப்பு. முதலாளியம்மாவின் மகளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையால் வாயை மூடிக்கொண்டாள். துருவி, கிடங்கில் தான் பார்த்த ராக்கெட்டைப் பற்றிச் சொன்னார். பதிவேட்டில் இருந்த கையெழுத்தைப் பற்றியும் சொன்னார். எல்லோர் பார்வையும் சித்தப்பாமேல் திரும்பியது. அவருடைய பெரிய முகம் வெளிறிப் போனது.

"கையெழுத்து என்னுதுதான் அண்ணி. நீட்டுற பேப்பர்ல எல்லாம் போடுவேன், உங்களுக்குத் தெரியாதா. ஆனா நீட்டினது நான் இல்லையே."

அவர் பொய் சொல்லவில்லை என்றார் துருவி. அந்த வயர் சாப்பாட்டு அறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு போவது அவருடைய அறைக்கு அல்ல. ஆறு மாதம் முன்பு ஜன்னல் வைத்த நல்ல அறை ஒன்றைக் கொடுத்தபோதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அறுபது பேர் சாப்பாட்டு வாசனை அடிக்கிற அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் ஒருவர் இருக்கிறார். இந்த மாடியில் இரவும் பகலும் மின்சாரம் இருக்கிற ஒரே சுவர் அந்த அறையின் சுவர்தான். கிடங்குக்குப் போய் மெயிலைப் படித்தால் போய்வந்த தடம் பதியும். தூரத்திலிருந்து படித்தால் போஸ்ட்மாஸ்டரின் பதிவில் விழும். பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நேராக வயரைப் போட்டுப் படித்தால் எதிலும் விழாது. இரண்டு இடத்துக்கும் பாதை போட்டவர் அவரே என்பதால், சர்வர் எங்கே இருந்தாலும் திரையில் கிடங்கு என்றே காட்ட வைக்கவும் அவரால் முடிந்தது.

ஆலோசகர் தன் பதினொரு பக்கத்தை ஒழுங்காக அடுக்கினார். பிறகு கதவை நோக்கி நடந்தார். அங்கே சைரன் நின்றுகொண்டிருந்தான்.

"மன்னிக்கணும் சார். ரூமைத் திறந்துட்டோம். இரும்பு பீரோவுக்குள்ள சர்வர் குழந்தை மாதிரி தூங்குது. நீங்களும் உட்காருங்க, வரவேண்டியவங்க வந்துகிட்டிருக்காங்க."

அவர் உட்கார்ந்தார். போட்டிக் கம்பெனிக்கு மூன்று பொம்மைகளையும் கொடுத்தது தான்தான் என்பதைப் போலீஸ் வந்த பத்தாவது நிமிஷம் ஒப்புக்கொண்டார். பாதி மெயில்தான் கிடைத்தது என்பதை அவர்களிடம் சொல்லாமல், மீதியைத் தானே வரைந்து கொடுத்தாராம். குரைக்கிற யோசனையும் அவருடையதே. அதைச் சொன்னபோது மட்டும் அவர் தலை கலைந்திருந்தது.

எல்லாம் முடிந்து அறை காலியானபோது முதலாளியம்மா போஸ்ட்மாஸ்டரின் அருகில் வந்து நின்றார். என்ன பேசுவதென்று தெரியாமல், நடந்தது தப்பு, இன்றைக்கே எல்லோருக்கும் மெயிலில் எழுதி மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்றார். எந்த சர்வர் வழியாகப் போனாலும் சரி என்று லேசாகச் சிரிக்கவும் முயன்றார்.

போஸ்ட்மாஸ்டர் சிரிக்கவில்லை. இரண்டு வாரமாக அடக்கி வைத்திருந்த குரல் வெளியே வந்தது.

"மெயில் வேணாம்மா. மெயிலை யாரும் படிக்க மாட்டாங்க, எனக்குத் தெரியும். நேர்ல வந்து சொல்லுங்க. மூணு மாடியிலயும்."

முதலாளியம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தார். அவருக்கு முட்டி வலி. லிப்ட் பக்கம் போகாமல் படிக்கட்டை நோக்கி நடந்தார்.

முதல் மாடியில் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிப் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பெண் ஒரு தப்பும் செய்யவில்லை, தப்பு செய்தது நான் என்று சொன்னார். இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டே அதையே சொன்னார். டீ அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாம் மாடிக்கு அவர் ஏறி வருவதற்குள் சேதி முன்னால் போய்விட்டிருந்தது. அங்கே எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். போஸ்ட்மாஸ்டரின் மூன்று தோழிகள் முன்வரிசையில், எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

முதலாளியம்மா மூன்றாவது முறையாக வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால், படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றிருந்த போஸ்ட்மாஸ்டர் கணவனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். எடுத்ததும் அவன் என்ன ஆச்சு என்று கேட்டான்.

"ஒண்ணும் பேசாதீங்க," என்றாள். "இங்க ஒருத்தங்க பேசுறாங்க. கேளுங்க."

போனை நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.